வார்டில் கற்றது கடைக்கும் முதல்



சென்ற வருடம் ஒரு நாள், அஸருக்குப் பிறகு, ஓர்ஸ் ஹில்லில் உள்ள என் கடைக்கு ஒரு ராத்தா வந்தார். 32 வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். நீண்ட காலமாக எங்கள் கடையில் சாமான் வாங்குபவர். அன்று அவர் கையில் சாமான் துண்டு இல்லை. கதிரையில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, பணிக்கொடைக் காசு வந்திருக்கு. மகன் முழுக் காசையும் போட்டு ஒரு பேன்சி கடை தொடங்குவம் என்கிறான். பக்கத்துத் தெருவில ஒருத்தருக்கு நல்லா ஓடுதாம். எனக்குப் பயமா இருக்கு. எனக்கு ஊசி போடத் தெரியும், புண் கட்டத் தெரியும். யாவாரம் எங்க தெரியும்?”

நான் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டேன். “ராத்தா, காலை டியூட்டிக்குப் போனா நீங்க முதல்ல என்ன செய்வீங்க?”

அவர் விரல் விட்டுச் சொன்னார். இரவு டியூட்டி பார்த்தவரிடம் ரிப்போட் எடுப்பார். கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பார். மருந்து அலுமாரியை எண்ணுவார். அவசர மருந்துத் தட்டில் காலாவதித் திகதி பார்ப்பார். டொக்டர் வந்தால் யாரை முதலில் காட்ட வேண்டும் என்று குறித்து வைப்பார். கடைசியில் எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதுவார்.

“இந்த ஆறு வேலையையும் நாள் தவறாமல் செய்கிற கடைக்காரர் திருகோணமலையில எத்தனை பேர் இருப்பாங்க என்று நினைக்கிறீங்க?” என்று கேட்டேன். ராத்தா சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த ஆறில் ஒன்றைக்கூடச் செய்யாமல் ஒரு கடையை மூடியவன் நான்.

இன்று ராத்தாவைப் போலப் பலர் இருக்கிறார்கள். அரச ஊழியர்களின் ஓய்வு வயது 60 என்று ஆக்கப்பட்டதும், 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு பெருந்தொகையானோர் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள். வளைகுடா நாடுகளில் ஆஸ்பத்திரி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். மருந்தாளர்கள், ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்கள், வார்ட் உதவியாளர்கள் இருக்கிறார்கள். கையில் ஒரு தொகை வருகிறது. அது பிறகு ஒருமுறை வராத தொகை. அதைப் போட்டு, பக்கத்துக் கடையைப் பார்த்து ஒரு கடை திறக்கிறார்கள். தங்களுக்குத் தெரிந்த தொழிலை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு, தெரியாத தொழிலைக் காசு கொடுத்துப் பழகுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

உம்மாவின் காப்பு

நான் சாதாரண தரம் வரை படித்தவன். 1988இல், 19 வயதில், நகரத்தில் ஒரு டொக்டரின் டிஸ்பென்சரியில் உதவியாளாகச் சேர்ந்தேன். போத்தல் கழுவுவது, லேபல் ஒட்டுவது, டொக்டர் சொல்லும் மருந்தை எடுத்துக் கொடுப்பது, பெயர் எழுதுவது எல்லாம் என் வேலை. டொக்டர் கண்டிப்பானவர். இரண்டு பனடோல் வெளியே போனாலும் கொப்பியில் இருக்க வேண்டும். பின்னேரம் கொப்பியையும் அலுமாரியையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்ப்பார். ஆறு வருடம் அங்கே இருந்தேன்.

1994இல் வாப்பா சேர்த்து வைத்திருந்த காசோடு உம்மாவின் இரண்டு காப்பையும் விற்று ஒரு பலசரக்குக் கடை திறந்தேன். கடை சொந்தமானதும் நான் செய்த முதல் காரியம், எழுதுவதை நிறுத்தியது. வேறொருவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியவன்தான் எழுத வேண்டும், முதலாளி எதற்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். புதுச் சரக்கை முன்னுக்கு அடுக்கினேன், பழையது பின்னுக்குப் போனது. மாவில் வண்டு பிடித்தது. பால்மா பக்கெட்டுகளில் திகதி முடிந்திருந்தது. லாச்சியில் இருந்த காசில் வீட்டுச் செலவும் போனது, கடைச் செலவும் போனது. எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

14 மாதத்தில் கடை மூடப்பட்டது. மிஞ்சிய சரக்கை ஒரு மொத்த வியாபாரி பாதி விலைக்கு எடுத்துக்கொண்டு போனார். உம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

1997இல் மறுபடி தொடங்கியபோது கையில் காசு முன்னையதில் பாதிகூட இல்லை. ஆனால் முதல் நாளே ஒரு கொப்பி வாங்கினேன். டொக்டர் பிடித்த அதே மாதிரிக் கோடு போட்டேன். திகதி, வந்தது, போனது, இருப்பு. அந்தக் கடைதான் இன்று வரை நிற்கிறது. உம்மாவுக்குக் காப்பு செய்து கொடுக்க அதன் பிறகு ஏழு வருடம் எடுத்தது.

எழுதுவதும் எண்ணுவதும்

வார்டில் கொடுத்த மருந்தை ஒரு தாதி எழுதாமல் போனால், அடுத்த டியூட்டிக்கு வருபவர் அதே மருந்தை மறுபடி கொடுத்துவிடக் கூடும். அதனால்தான் அங்கே எழுதாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கடையிலும் இதே கதைதான். காலையில் நீங்கள் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய 2,000 ரூபாவை எழுதாமல் போனால், பின்னேரம் தம்பி அதை மறுபடி கொடுத்துவிடுவார்.

எண்ணி எழுதுவதால் என்ன பெரிய நன்மை என்று சிலர் கேட்பார்கள். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1854இல் துருக்கியில் ஸ்குட்டாரி என்ற இடத்தில் இருந்த இராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார். விளக்கோடு நடந்த தாதி என்றுதான் பாடசாலையில் படித்தோம். அவர் கணக்குப் பிடித்தவர் என்பதைப் பலர் படிக்கவில்லை. எத்தனை சிப்பாய்கள் காயத்தால் இறந்தார்கள், எத்தனை பேர் தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தார்கள் என்று மாதம் மாதமாகப் பிரித்து, 1858இல் வட்டப் படமாக வரைந்து அரசாங்கத்துக்குக் காட்டினார். நோயால் இறந்தவர்கள்தான் மிக அதிகம். எண்ணிப் பார்த்திருக்காவிட்டால் எல்லோரும் எதிரியின் குண்டையே குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

நட்டப்படுகிற கடைக்காரரும் பக்கத்துக் கடையைத்தான் குறை சொல்வார். தன் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், காலாவதி, கடன், வீட்டுக்கு எடுத்த சாமான் என்று நட்டம் உள்ளேயே இருக்கும்.

பத்தொன்பது கேள்விகள்

உலக சுகாதார அமைப்பு 2008இல் சத்திரசிகிச்சைக் கூடங்களுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. அதில் 19 விஷயங்கள்தான். நோயாளி இவர்தானா, எந்தப் பக்கத்தில் வெட்ட வேண்டும், என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியில் துணியும் ஊசியும் எண்ணிக்கை சரியா என்பது போன்ற சாதாரணக் கேள்விகள். புதுடில்லி, அம்மான், லண்டன் உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதைச் செய்து பார்த்தார்கள். 2009இல் முடிவு வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். பெரிய படிப்புப் படித்த டொக்டர்களுக்கே ஒரு துண்டுக் கடதாசி தேவைப்பட்டது என்றால், எனக்கும் உங்களுக்கும் தேவைப்படாதா?

என் கடைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு மட்டை தொங்குகிறது. இரவு பூட்டும் முன் அதில் உள்ள ஒன்பது விஷயத்தையும் வாசித்துப் பார்த்துத்தான் பூட்டுவோம். லாச்சிக் காசும் கொப்பியும் சரியா, குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறதா, நாளைக்குக் கொடுக்க வேண்டிய செக் எது, எந்தச் சாமான் முடியப்போகிறது என்று போகும். ஆஸ்பத்திரியில் வேலை செய்தவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. மற்றவர்கள் பழகச் சில வருடம் எடுக்கும்.

எதை முதலில், எதை விடுவது

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் வந்தவரை முதலில் பார்ப்பதில்லை. உயிர் போகும் நிலையில் இருப்பவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். 2022இல் இந்தப் பாடம் எனக்கு உதவியது. அந்த வருடம் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்து சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. கையில் இருந்த காசுக்கு முன்னைய சரக்கில் பாதிகூட வராது. நான் சாமான்களை மூன்றாகப் பிரித்தேன். வீட்டில் இல்லாமல் இருக்க முடியாதது, சில வாரம் பொறுக்கக்கூடியது, இந்த நேரத்தில் யாரும் வாங்காதது. முதல் வகைக்கு மட்டும் காசு போட்டேன். வாசனைச் சவர்க்காரமும் சொக்லட்டும் இருந்த தட்டுகள் பல மாதம் வெறுமையாக இருந்தன. பார்க்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அரிசியும் பருப்பும் இல்லை என்று யாரும் திரும்பிப் போகவில்லை.

வெறும் தட்டுக்கு வெட்கப்படாத ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். பேராசிரியர் சேனக பிபிலே மருந்தியல் படிப்பித்தவர். 1971இல் அரச மருந்துப் பொருட்கள் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவர்தான். அப்போது நாட்டுக்குச் சுமார் 2,100 மருந்துகள் வந்துகொண்டிருந்தன. ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் வந்தது. உண்மையில் எவை தேவை என்று பார்த்து அதைச் சுமார் 600 ஆகக் குறைத்தார்கள். கம்பனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் பெயரைச் சொல்லி, உலகம் முழுவதும் விலை கேட்டு மொத்தமாக வாங்கினார்கள். செலவு குறைந்தது. இது ஒரு கூட்டுத்தாபனத்தின் கொள்கை என்று படிக்கிறோம். ஒரு வியாபாரி படித்தால், சரக்கு வாங்கும் பாடம் இது. ஒரே சாமானை எட்டுப் பெயரில் அடுக்கி வைப்பவரின் முதல் தட்டில் தூங்குகிறது. விற்கும் இரண்டு பெயரை வைத்திருப்பவருக்கு அந்தக் காசு கையில் இருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு தொடங்கியவர்

“60 வயதில் என்ன தொடங்குவது?” என்று கேட்பவர்களுக்கு மதுரையைக் காட்டுவேன். கண் டொக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி அரசாங்க சேவையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், 11 கட்டில்களோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மூட்டு வாதத்தால் விரல்கள் வளைந்துபோனவர் அவர். அந்தக் கையாலேயே சத்திரசிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர். இன்று அரவிந்த் உலகின் மிகப் பெரிய கண் சிகிச்சை நிறுவனங்களில் ஒன்று.

அவர் தனக்குத் தெரியாத எதையும் தொடங்கவில்லை. கண் சிகிச்சையைத்தான் வியாபாரி சரக்கை ஓட்டுவது போல ஒழுங்குபடுத்தினார். ஒரு மேசையில் டொக்டர் சத்திரசிகிச்சை செய்யும்போது, பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்து வைப்பார்கள். முடிந்ததும் டொக்டர் அந்தப் பக்கம் திரும்புவார், நேரம் வீணாகாது. கிராமத்துப் பெண் பிள்ளைகளை எடுத்துப் பழக்கி அந்த ஆயத்த வேலைகளைக் கொடுத்தார்கள். காசு கொடுக்கக்கூடியவர் கொடுக்கும் பணத்தில் ஏழைகளுக்கும் சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் வைக்கும் வில்லை வெளிநாட்டில் விலை அதிகம் என்பதால் 1992இல் ஆரோலாப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கித் தாங்களே செய்தார்கள்.

ஆஸ்பத்திரி சொல்லித் தராதது

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

முதலாவது, விலை. அரசாங்க ஆஸ்பத்திரியில் யாரிடமும் காசு கேட்டுப் பழக்கமில்லை. அங்கிருந்து வருபவருக்குக் காசு கேட்கவே நா எழாது. கடையில் காசு கேட்பது குற்றம் இல்லை. வாங்கிய விலை, லொறிக் கூலி, கரண்ட், உங்கள் நாள் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டித்தான் விலை போட வேண்டும்.

இரண்டாவது, கடன். நோயாளியைப் பார்த்து இரங்கிய மனம் கடையிலும் இரங்கும். “கடன் அன்பை முறிக்கும்” என்று மட்டை தொங்கவிட்டுக்கொண்டே கடன் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். இரங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தருமத்துக்கு ஒரு தொகையை மாதம் தொடங்கும்போதே பிரித்து வேறு பெட்டியில் போடுங்கள். அந்தப் பெட்டியில் இருந்து தாராளமாகக் கொடுங்கள். லாச்சியில் கை வைக்காதீர்கள். ஹகீம் ஹாபிஸ் அப்துல் மஜீத் 1906இல் டில்லியில் ஒரு சிறிய யூனானி மருந்தகமாகத் தொடங்கியதுதான் ஹம்தர்த். நோன்பு திறக்கப் பல வீடுகளில் கரைக்கும் ரூஹ் அப்ஸா சர்பத் அவர்களுடையதுதான். அவருடைய மகன் ஹகீம் அப்துல் ஹமீத் 1948இல் அந்த நிறுவனத்தை வக்பு ஆக்கினார். வியாபாரம் வியாபாரமாக நடந்தது. அதன் லாபம் கல்விக்கும் வைத்தியத்துக்கும் போனது. வியாபாரம் லாபத்தில் நின்றதால்தான் தருமம் நடந்தது.

மூன்றாவது, விலை ஏறும் என்று குவித்து வைப்பது. அமெரிக்காவில் கேலப் பிராட்ஹாம் என்ற மருந்தாளர் தன் மருந்துக்கடையில் கலந்து விற்ற பானத்துக்கு 1898இல் பெப்சி கோலா என்று பெயர் வைத்தார். கம்பனி பெரிதாக வளர்ந்தது. முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு சீனி விலை தாறுமாறாக ஏறியது. இன்னும் ஏறும் என்று உச்ச விலையில் சீனி வாங்கினார். விலை விழுந்தது. 1923இல் கம்பனி வங்குரோத்து ஆனது. அவர் மறுபடி மருந்துக்கடைக்கே போனார். மருந்தைத் துளி துளியாக அளந்து பழகிய மனிதர், சீனி வாங்கும்போது அந்த அளவைப் பார்க்கவில்லை. இன்று பெப்சியை உலகமே குடிக்கிறது, ஆனால் அந்த லாபம் அவருக்குப் போகவில்லை.

நான்காவது, எல்லை. தாதியாக இருந்தவரின் கடைக்கு வருபவர், “மிஸ்ஸி, காய்ச்சலுக்கு ஒரு அன்டிபயோட்டிக் தாங்க” என்று கேட்பார். கொடுக்கக் கூடாது. மருந்து விற்க, 2015இன் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் அனுமதியும் பதிவு பெற்ற மருந்தாளரும் வேண்டும். வார்டில் அறிந்த நோயாளியின் இரகசியத்தையும் கடை மேசையில் பேசக் கூடாது. இந்த இரண்டிலும் தவறினால் 30 வருடம் சம்பாதித்த பெயர் ஒரு நாளில் போகும். அந்தப் பெயர்தான் உங்கள் உண்மையான முதல்.

ராத்தா என்ன செய்தார்?

அன்று அவரிடம் இன்னொரு கேள்வியும் கேட்டேன். “வார்டில இருந்து வீட்டுக்குப் போற நோயாளியின் குடும்பம் வாசலில நின்று உங்களிடம் என்ன கேட்கும்?”

உடனே சொன்னார். படுக்கையில் கிடக்கும் வாப்பாவுக்குக் கழிப்புச் சட்டி எங்கே வாங்கலாம், முதுகில் புண் வராமல் இருக்க என்ன மெத்தை வேண்டும், சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா, எப்படித் தூக்கி உட்கார வைப்பது. கிண்ணியா, மூதூர் ஆட்களும் இதையேதான் கேட்பார்களாம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரை, நோயாளியையும் கொண்டு பாதையில் ஏறி இறங்கியவர்கள் அவர்கள். ஒரு சாமானுக்காகக் கொழும்புக்குப் போக அவர்களால் முடியாது.

“அப்ப உங்க கடை அதுதான்” என்றேன்.

அவசரப்படாமல் செய்தார். பணிக்கொடையில் மூன்றில் இரண்டு பங்கை வங்கியில் போட்டார். மூன்றில் ஒரு பங்கு மட்டும் வியாபாரத்துக்கு. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தார். எந்தச் சாமானுக்கு அனுமதி வேண்டும் என்று விசாரித்து, பத்திரங்கள் கைக்கு வரும் வரை இரண்டு மாதம் பொறுத்தார். வீட்டு முன் அறைதான் கடை, வாடகை இல்லை. மகன் முச்சக்கர வண்டியில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ராத்தா கூடப் போய், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும் முறையை வீட்டாருக்குக் காட்டிக் கொடுக்கிறார். அதற்குக் காசு எடுப்பதில்லை, ஆனால் அதனால்தான் ஆட்கள் அவரைத் தேடி வருகிறார்கள்.

தவறும் நடந்தது. முதல் மாதம் தெரிந்த ஆட்கள் என்று முற்பணம் வாங்காமல் மூன்று நடைச் சட்டங்களை வாடகைக்குக் கொடுத்தார். ஒன்று திரும்பி வரவேயில்லை. இப்போது முற்பணமும் கையொப்பமும் இல்லாமல் எதுவும் வெளியே போகாது. “வார்டில வெப்பமானி கொடுத்தாலும் கையெழுத்து வாங்கினனே தம்பி, வீட்டுக்கு வந்ததும் மறந்துட்டன்” என்றார். எனக்கு 1994 நினைவுக்கு வந்தது.

பத்து மாதம் ஆகிறது. பெரிய லாபம் என்று சொல்ல முடியாது. மகனின் சம்பளமும் செலவும் போக மாதம் கொஞ்சம் மிஞ்சுகிறது. வங்கியில் போட்ட காசு அப்படியே இருக்கிறது. மகன் சொன்ன அந்தப் பக்கத்துத் தெருப் பேன்சி கடை இரண்டாகி, பிறகு இரண்டும் விலை குறைத்துப் போட்டியிட்டு, ஒன்று மூடிவிட்டது.

வாசகர்களே, சுகாதாரத் துறையில் இருந்து வந்து வியாபாரம் தொடங்க நினைப்பவர்கள் காசை எடுக்கும் முன் ஒரு கொப்பியை எடுங்கள். நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். என் வேலையில் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்டது என்ன? அதை விற்கச் சட்டப்படி எனக்கு என்ன அனுமதி வேண்டும்? முழுவதும் போனாலும் வீடு தாங்கக்கூடிய தொகை எவ்வளவு? கடன் கேட்டு வரும் சொந்தக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? நாலாவது கேள்விக்குப் பதில் எழுத முடியாதவர்கள் இன்னும் ஆறு மாதம் பொறுங்கள்.

ராத்தா காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்ததும் முதலில் புத்தகத்தைத்தான் விரிக்கிறார். டியூட்டி நேரம் இன்னும் மாறவில்லை என்று மகன் பகிடி பண்ணுகிறாராம். மாற வேண்டியதில்லை என்று நான் சொல்லி அனுப்பினேன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் சந்திப்போம்.